தைப்பூசத்தில் தொடங்கிய கணக்கு

போன தைப்பூசத்தன்று எங்கள் கைக்குழந்தையின் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கினேன். நல்ல நாளில் போட்டால் காசு பெருகும் என்று, லண்டன் லூயிஷாமில் எங்களோடு இருக்கும் மச்சாள், கணவரின் அக்கா, சொல்லியிருந்தார். கணவருக்கு இன்னும் சம்பளம் வரவில்லை. வீட்டுச் செலவுக்கு இவர் என்னை நம்பித் தந்த கிரெடிட் கார்ட் மட்டும் கையில் இருந்தது.

“மச்சாள், கார்ட்டிலை இருந்து காசு போட ஏலுமே?”

“ஓம், போடும். நானும் அப்பிடித்தான் போட்டனான்.”

மனம் தயங்கியது. ஆனாலும் அனுபவப்பட்டவர் சொல்கிறாரே என்று நூறு பவுண் போட்டேன். அடுத்த பில்லில், ரொக்கமாக எடுத்ததைப் போல அதற்குத் தனிக் கட்டணமும் அன்றிலிருந்தே வட்டியும் சேர்த்திருந்தார்கள்.

இவர் கத்த, மச்சாள் சிரித்தார்.

“எனக்கும் உப்பிடித்தான் காசு வெட்டினவங்கள். நீர் கம்பஸ் போய்ப் பட்டம் எடுத்தனீர், தெரியும் எண்டெல்லோ நினைச்சன்!”

இவர் கார்ட்டை என்னிடமிருந்து வாங்கி அவரிடமே கொடுத்தார். “இனி வீட்டுச் செலவை அக்கா பாத்துக்கொள்ளுவா.”

இப்போது மகளின் கணக்கில், கையில் மிஞ்சும் காசை மட்டும் நானே வங்கிக்குப் போய்க் கட்டுகிறேன். நாள் பார்ப்பதில்லை, யாரிடமும் கேட்பதில்லை. பால்மா வாங்க மட்டும் மச்சாளிடம் கார்ட் கேட்டு நிற்கிறேன்.