குருவிக்காகத் திரும்பி வந்த பிஸ்னாத்

பிஸ்னாத் மினிபஸ்ஸிலிருந்து என் கடைவாசலில் இறங்கியபோது, அவனை வழியனுப்பி அழுத கண்ணீர்கூட எங்களுக்குச் சரியாகக் காயவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவனை நியூயார்க்கில் இருக்கும் பெண்டாட்டியிடம் அனுப்ப வண்டி நிறைய ஆளேற்றிக்கொண்டு விமான நிலையம் வரை போனோம். அவன் அக்கா அங்கே தரையில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்தாள். இப்போது தோளில் ஒரு சின்னப் பையோடு வந்து நிற்கிறான்.

"என்னடா, பார்பத்தி கழுத்தப் புடிச்சு வெளிய தள்ளிட்டாளா?" என்று உள்ளே ரம் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள்.

"விசா ஆறு மாசத்துக்குத்தான். அதுக்குள்ள ஒரு தடவ அந்த நாட்டுக்குள்ள போய் முத்திரை வாங்கணும், வாங்கியாச்சு. அங்கயே தங்கறதுக்கான கார்டு தபால்ல வரும். இருபதாந்தேதி திரும்பப் போயிருவேன், பௌஜி," என்றான் என்னைப் பார்த்து. ஊரில் பாதிப் பேருக்கு நான் பௌஜிதான், அண்ணன் பெண்டாட்டி முறை.

"போனவன் பொண்டாட்டியோட இருக்க வேண்டியதுதான? எதுக்கு வந்த?" என்றேன்.

"குருவிக்கு ஒரு வழி பண்ணணும்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அவனை ரெண்டு போட்டிருப்பேன்.

எங்கள் தாத்தாக்கள் கப்பலேறி வந்து குடியேறிய இந்தக் கொரெண்டைன் கரையில் ஆம்பிளைகளுக்குக் குருவிக் கிறுக்கு. அவர்கள் கூண்டு மாட்டுவதற்கென்றே என் கடைவாசலில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறது. பிஸ்னாத்துக்கு அது முற்றிய கிறுக்கு. ஐம்பதை நெருங்குகிறான், நெல் வயலில் டிராக்டர் ஓட்டுகிறான், டிராக்டரிலும் ராக்கெட்டின் கூண்டு பக்கத்திலேயே தொங்கும். ராக்கெட் என்பது அவனுடைய தோவா-தோவா, வயிறு மட்டும் செம்பழுப்பான குட்டிக் கறுப்புக் குருவி. ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் இரண்டு கூண்டுகளை எதிரெதிரே கம்பத்தில் மாட்டுவார்கள். எந்தக் குருவி முதலில் ஐம்பது தடவை கூவுகிறதோ அது ஜெயித்தது. ராக்கெட் தோற்பது அபூர்வம்.

குருவி விஷயம் தவிர வேறு எதிலும் அவன் அவசரப்பட்டதில்லை. கல்யாணமே நாற்பதுக்கு மேல்தான். பார்பத்தி என்னோடு பள்ளியில் படித்தவள். அம்மாவோடு நியூயார்க் போய், கிழவர்களைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலை செய்து, அம்மா கண்ணை மூடிய பிறகு தனியாகவே காலத்தைத் தள்ளியவள். ஊருக்கு வந்த இடத்தில் இவனை எப்படியோ பிடித்துப்போயிற்று. அதற்கப்புறம் வருஷத்துக்கு மூன்று வாரம் வருவாள், போவாள், அவ்வளவுதான் குடித்தனம். மனுப் போட்டது, வக்கீலைப் பார்த்தது எல்லாம் அவள் ஓடி ஓடிச் செய்தது. விசா கைக்கு வந்தும் இந்த மகராசன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, காலாவதியாகப் போகிற வாரத்தில்தான் விமானம் ஏறினான்.

விமானத்தில் குருவியைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று ராக்கெட்டை அண்ணன் வீட்டில் விட்டுப் போயிருந்தான். இவன் இல்லாமல் அது வாயே திறக்கவில்லை என்று அண்ணன் போனில் சொன்னதும் டிக்கெட் போட்டுவிட்டான்.

மறுநாள் பார்பத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"சுமிந்திரா, உண்மையச் சொல்லு. அவரு வருவாரா? இங்க இருந்தப்ப கோட்டக்கூட கழட்டாம ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தாரு. நான் வேலைக்குப் போறப்ப எப்படி இருந்தாரோ, ராத்திரி நான் வந்தப்பவும் அப்படியே இருந்தாரு."

"வருவாண்டி," என்றேன். எனக்கே நம்பிக்கையில்லை.

"இருபதாந்தேதி வரலேன்னா நான் இனிமே கூப்பிட மாட்டேன். போதும்." அவள் அழாமல்தான் சொன்னாள்.

பிஸ்னாத் குருவிக்கு ஆள் தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். ஒருவன் வீட்டில் பூனையாம். இன்னொருவன் குடிகாரனாம். வேறொருவன் வீட்டில் நாள் முழுக்க ரேடியோ அலறுகிறதாம். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவன்கூட இத்தனை நொட்டை சொல்ல மாட்டான். மதகு பார்க்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கட்பெர்ட், பந்தயத்தில் இவனுக்குப் பரம எதிரி, அவனே வந்து, "என்கிட்ட குடு, ராசா மாதிரி வச்சுக்கறேன்" என்றான்.

"உனக்குக் குடுக்கறதுக்கு அந்தப் பூனைக்கே போடலாம்," என்றான் பிஸ்னாத்.

தேதி நெருங்கியது. ஒரு சனிக்கிழமை என் பொறுமை போய்விட்டது. ஆணியிலிருந்து கூண்டைக் கழற்றி, எல்லோரும் பார்க்கக் கட்பெர்ட் கையில் கொடுத்தேன்.

"நாளைக்குப் பந்தயத்துல நீ மாட்டு. இவன் கண்ணுல படாமலே பாடிச்சுன்னா குருவி உனக்கு, இவன் பெட்டி கட்டணும். பாடலேன்னா இவன் போகவே வேணாம், பார்பத்திகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"பௌஜி!"

"என்ன பௌஜி? சரியா, இல்லையா?"

அத்தனை பேர் முன்னால் அவனால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. ராத்திரி எனக்குத்தான் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு குருவியின் வாயை நம்பி ஒருத்தியின் குடித்தனத்தைப் பணயம் வைத்துவிட்டேனே என்று புரண்டு புரண்டு படுத்தேன்.

மறுநாள் ராக்கெட் கண்ணில் படாதபடி பிஸ்னாத்தைக் கடைக்குப் பின்னால் ஒரு சோடாப் பெட்டி மேல் உட்கார வைத்தேன். வாசலில் கம்பம் நட்டுக் கூண்டுகளை மாட்டினார்கள். எதிர்க்குருவி ஆரம்பித்துவிட்டது. பலகையில் அதன் பக்கம் சாக்பீஸ் கோடு ஏறிக்கொண்டே போனது. ராக்கெட் தினையைக் கொறித்துக்கொண்டிருந்தது. கட்பெர்ட் கூண்டுக்குக் கீழே மண்டியிட்டு என்னவோ கெஞ்சினான். நான் எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். அப்புறம் ஒரு கூவல். இன்னொன்று. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை.

ராக்கெட் தோற்றது. பாதியில் ஆரம்பித்தால் தோற்காமல் என்ன செய்யும்? ஆனால் பாடிவிட்டது. "மிஸ் சுமி, பாடிருச்சு!" என்று கட்பெர்ட் குதித்தான்.

பின்னால் ஓடினேன். பிஸ்னாத் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கேட்டுச்சு," என்றான். "பாடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன், பௌஜி."

"ஏண்டா?"

"இங்க ரோட்ல நடந்தா நாலு பேரு 'என்ன பிஸ்னாத்'ங்கறான். அங்க அவ வேலைக்குப் போயிட்டா என் பேரச் சொல்ல ஆளில்ல. பயமா இருக்கு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை. "இத்தன வருஷமா அவ பேரச் சொல்ல அந்த வீட்ல யாருடா இருந்தா?" என்று கேட்டேன்.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அவனாக அவளைக் கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை, எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னாச்சு? யாருக்கு என்ன?" அவள் பதறியது எனக்கே கேட்டது.

"யாருக்கும் ஒண்ணுமில்ல, பார்பத்தி. இருபதாந்தேதி நீ ஏர்போர்ட்டுக்கு வரணும். எனக்கு அங்க வழி தெரியாது."

"அன்னிக்கு லீவு சொல்லி ஒரு வாரமாச்சு," என்றாள்.