யாருமே ருசி பார்க்காத ஐஸ் டீ

நனைந்த கோணி, மரத்தூள், அன்னாசிப்பழம்... இந்த மூன்றும் கலந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் எங்கேயாவது அது மூக்கில் ஏறினால் போதும், நான் அப்படியே ராஜகீழ்ப்பாக்கம் மொட்டை மாடியில் போய் நிற்பேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. தலை நிறைய முடி. (இந்தப் பதிவில் நான் மிகைப்படுத்தாத ஒரே விஷயம் அந்த முடிதான்.)

தொண்ணூறுகளின் ஆரம்பம். நானும் கபீரும் அந்த மாடியில் ஒரே ரூம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மார்ச்சிலேயே அப்பளத்தை வெறுமனே தூக்கிக் காட்டினால் பொரிந்துவிடும். அதன்மேல் உட்காரும் காக்காய் கால் மாற்றிக் கால் மாற்றி பரதநாட்டியமே ஆடும்.

கபீருக்குப் பெண் பேசியிருந்தார்கள். நஸீமா. ஒரே ஒரு முறைதான் பார்த்தான்... அதற்கப்புறம் சாம்பார் எது, ரசம் எது என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பெண்ணின் அப்பா ஷம்சுதீன் பாய் தாம்பரம் மார்க்கெட்டில் டீத்தூள் மொத்த வியாபாரி. மூட்டையைப் பிரிப்பதற்கு முன்பே அது எந்த மலையின் தூள், பறித்த அன்றைக்கு மழையா வெயிலா என்றெல்லாம் சொல்லிவிடக்கூடிய மகான்.

அவர் சொல்லியனுப்பினார். "பையன் தங்கிகினு இருக்கிற எடத்துல ஒரு நாள் நோன்பு திறக்கிறேன். அப்பால சொல்றேன்."

அவர் தலையாட்டினால் நிக்காஹ். இல்லையென்றால் வேலூரில் வேறொரு மாப்பிள்ளை சட்டையை இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தான்.

கபீர் என் தோளைப் பிடித்தான். "மச்சான், டீயிலயே பொறந்து வளந்த மனுஷன். சூடா டீ குடுத்தா மாட்டிக்குவோம். ஐஸ் டீ போடுவோம். பழமெல்லாம் போட்டு."

கம்பெனி மீட்டிங் ஒன்றில், ஏதோ பெரிய ஓட்டலில் ஒரு கிளாஸ் குடித்திருக்கிறானாம். தென்சென்னைப் புறநகரின் மொத்த ஐஸ் டீ அனுபவமும் அவ்வளவுதான்!

கிளம்பினோம். தாம்பரத்தில் ஐஸ் பார் வாங்கி, மரத்தூள் தூவி, கோணியில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டினோம். புறப்படும்போது வண்டலூர் நீர்யானை சைஸ். ராஜகீழ்ப்பாக்கம் வரும்போது துணி சோப்பு சைஸ். வழியெல்லாம் ரோடு குளிர்ந்து, பின்னால் வந்த பஸ்காரர்களே எங்களை வாழ்த்தியிருப்பார்கள்.

அன்னாசி, சாத்துக்குடி, பச்சை திராட்சை, புதினா... எல்லாம் நறுக்கி எவர்சில்வர் அண்டாவில் போட்டாயிற்று. டிகாக்ஷன் கருஞ்சிவப்பாக இறங்கியது. சர்க்கரை போட்டோம். ஆறவைத்து ஊற்றினோம். ஆஹா, என்ன நிறம்! மகாராஜாக்களின் மோதிரக் கல் தோற்றது.

கடைசியாக எலுமிச்சை பிழிந்தோம்.

அங்கேதான் விதி விளையாடியது. கண்ணெதிரே டீ வெளுத்தது!

"டேய், தண்ணியாயிடுச்சுடா!" கபீர் அலறினான்.

எலுமிச்சை பட்டால் டீ நிறம் இறங்கும், ஸ்ட்ராங் அப்படியேதான் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. இன்னொரு டோஸ் தூள் கொதிக்கவைத்து ஊற்றினோம். இப்போது புளிப்பு குறைந்திருக்குமே என்று மறுபடி எலுமிச்சை. மறுபடி வெளுப்பு. மறுபடி தூள்...

"ஒரு வாய் குடிச்சுப் பாருடா," என்றேன்.

"நோன்பு மச்சான். நீ பாரு."

"நான் எப்படிடா? சாம்பல் புதன்லயே டீயை விட்டாச்சு. ஈஸ்டர் வரைக்கும் தொடமாட்டேன்."

ஆமாம் நண்பர்களே. அந்த வருஷம் ரம்ஜானும் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. என் உடம்பைப் பிழிந்தால் டீ வரும் என்ற நிலையில் இருந்த நான், வீராப்பாக அதையே விட்டிருந்தேன். ஆக, அண்டா நிறைய டீ. சுற்றி இரண்டு நாக்கு. இரண்டும் லீவு!

பாய் வந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. ரூமைச் சுற்றி ஒரு பார்வை. பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் ஒன்று. பிறகு கிளாஸைத் தூக்கி, பழமெல்லாம் மிதப்பதை ரசித்துவிட்டு, நீளமாக ஒரு மடக்கு...

அவருடைய தொப்பி தானாக எழுந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

"இன்னாப்பா இது? என் குடோனைப் பெருக்கி ஊத்திட்டியா? யாரும் ருசி பாக்கல?"

கபீர் அண்டாவுக்குப் பின்னால் ஒதுங்கினான். "நோன்பு மாமா..."

"நாக்கு நுனில வெச்சுத் துப்பலாமே. அதுக்குத்தான் அனுமதி கீதே."

"தெரியும் மாமா. நல்லா இருந்தா முழுங்கிடுவேனோன்னு பயம்."

பாய் என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா தம்பி? நீயுமா நோன்பு?"

"இல்ல பாய், தவக்காலம். டீயை விட்டிருக்கேன்."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கபீரின் முகத்தில் வேலூர் மாப்பிள்ளை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தான்.

"கதவைச் சாத்திகினு, ரெண்டு பேரும் மட்டும் இருந்து... ஒரு சொட்டு கூட?"

"இல்ல பாய்."

அவர் சிரித்த சிரிப்பு சிட்லபாக்கம் ஏரியில் அலை எழுப்பியது. கிளாஸில் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றி, முழுவதும் குடித்து முடித்தார். பிறகு கபீரின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு.

"டீயை என் பொண்ணு பாத்துக்குவா. ஊர்லேர்ந்து அத்தா அம்மாவ வரச்சொல்லு, நாள் குறிக்கலாம்."

இந்த வருஷம் ரம்ஜான் காலண்டரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி தவக்காலத்தோடு வந்து நிற்கிறது. நானும் மறுபடி டீயை விட்டாயிற்று. ஆனால் அந்த ஐஸ் டீயை விடுவேனா! சிட்லபாக்கத்தில் என் வீட்டு பிரிட்ஜே ஐஸ் கட்டிகளைத் துப்புகிறது. போனைத் தொட்டால் பீச் ஐஸ் டீ பாட்டிலில் வாசலுக்கு வந்துவிடுகிறது, அளவாக, எல்லா நாளும் ஒரே ருசியாக. கோணி வாசனைதான் இல்லை. கிளாஸைப் பார்த்துச் சிரிக்க ஷம்சுதீன் பாயும் இல்லை.

அதே அன்னாசி, அதே புதினா போட்டு ஒரு அண்டா நிறையத் தயாரித்து, நேற்று நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சேலையூரில் கபீர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நஸீமா மூடியைத் திறந்து பார்த்தாள். "அண்ணே, இந்தத் தடவையாவது யாராச்சும் ருசி பாத்தீங்களா?"

நானும் கபீரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அவள் உள்ளே போய், பெரிய ஜக்கு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அண்டா பக்கத்தில் வைத்தாள்.