காற்று பார்த்து ரூம் கொடுத்தவர்

சர்க்கஸ் பார்க்க ஜோலார்பேட்டையிலிருந்து வேலூர் போயிருந்தோம். கைக்குழந்தை முதல் தாத்தா வரை பதினேழு பேர். லாட்ஜ் மேனேஜர் குள்ளமானவர், காதில் பென்சில். பெரிய ஜன்னல் வைத்த மாடி ஹாலை அப்பா கேட்டதும், அவர் விரலில் எச்சில் தொட்டு வாசலில் நீட்டினார்.

“அது வேணாம் சார். இன்னிக்கு காத்து தோல் ஊறவைக்கிற ஷாப்பு பக்கத்திலேர்ந்து வருது. பெரியவரு சோத்துல கை வைக்க மாட்டாரு. பின்னாடி ரூம் மூணு எடுத்துக்குங்க.”

அப்பா முறைத்துக்கொண்டே சம்மதித்தார். நான் மட்டும் மாடியேறிப் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்தியபடி இறங்கி ஓடிவந்தேன்.

“இவ்ளோ நாத்தம் அடிக்குதே, விரல் எதுக்கு? மூக்கு பத்தாதா?” என்றேன் அவரிடம்.

“இருவது வருஷம் அந்த ஷாப்புலதாம்மா இருந்தேன். மூக்கு செத்துப்போச்சு” என்று சிரித்தார்.

அன்று என் தலையில் இரண்டு முழம் மல்லிகை. அதன் வாசமும் அவருக்குத் தெரிந்திருக்காது என்பது திரும்பும் ரயிலில்தான் எனக்கு உறைத்தது.