வட்டக்கல்லுக்கு மஞ்சள் பூசியவள்

எங்கள் தோட்டத்துக் கற்களைப் பற்றி யாரோ ஒரு பெரிய மனிதர் எழுதியிருப்பதை என் மகன் வாசித்துக் காட்டினான். 'அவசரகாலத்தில் இக்கற்கள் காணாமற்போயின' என்று ஒரே ஒரு வரி. காணாமல்போவதற்கு அவை என்ன ஆட்டுக்குட்டிகளா? ஆள் உயரக் கற்கள் தாமாக எழுந்து செரண்டாவுக்கு பஸ் ஏறிப் போய்விட்டனவா? எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கற்கள் எப்படிப் போயின என்று எனக்குத் தெரியும். அவற்றுக்காகச் சிறைக்குப் போன வள்ளியம்மாவையும் தெரியும். அவளைப் பற்றி அந்த மனிதர் ஒரு சொல் எழுதவில்லை.

மலாயாவில் கோல சிலாங்கூருக்கு உள்ளே தள்ளி இருந்த அந்தத் தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் வேறு. நாங்கள் வட்டக்கல் தோட்டம் என்போம். ரப்பர் நிரைகள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கற்கள் வட்டமாக நின்றன. யார் நட்டார்கள், எதற்கு நட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. சஞ்சி ஒப்பந்தத்தில் கூலிகளாகக் கப்பலேறி வந்த எங்கள் ஆட்கள் அவற்றில் உயரமானதை முனியாண்டி என்று கும்பிட ஆரம்பித்தார்கள். தோட்டம் திறந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வள்ளியம்மா எனக்கு அடுத்த நிரையில் மரம் வெட்டிப் பால் எடுத்தாள். புருஷன் உடையப்பன் பாம்பு கடித்துப் போய்விட்டான். மிஞ்சியது கலாவதி என்ற ஒரே பெண் குழந்தை. வள்ளியம்மாவுக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். மண்டோர் முருகையா அவள் வேலையில் குறை சொல்ல வந்தால், "நீங்க ஒரு மரம் வெட்டிக் காட்டுங்கண்ணே, பாத்துக் கத்துக்கிறேன்" என்பாள். அவரும் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார்.

அவசரகாலம் என்றால், காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகள், வெளியே வெள்ளைக்காரப் பட்டாளம். ஐம்பத்தொன்றில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். அரிசி அளந்து கொடுத்தார்கள். ஒரு கவளம் சோறுகூட கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காட்டிலிருப்பவர்களுக்குக் கொண்டுபோகிறோம் என்று பொருள். காலையில் வெறும் வயிற்றோடு மரம் வெட்டப் போய், மதியம் திரும்பித்தான் சாப்பிட்டோம். அதே சமயம் கோலாலம்பூரிலிருந்து ஒரு அதிகாரி வந்து கற்களைப் பார்த்தார். ஆயிரக்கணக்கான வருஷத்துக் கற்களாம், சட்டம் பாதுகாக்கிறதாம். அவற்றைச் சுற்றியும் கம்பி போட்டு ஒரு பலகை நட்டார்கள். அதில் இங்கிலீஷ் இருந்தது, மலாய் இருந்தது. தினமும் அந்தப் பக்கம் நடக்கிற எங்களுக்குப் புரிகிற பாஷை மட்டும் இல்லை. கல்லுக்குப் போட்ட கம்பி வெளியாள் உள்ளே போகாமலிருக்க, எங்களுக்குப் போட்டது நாங்கள் வெளியே வராமலிருக்க.

அந்த வருஷம் கலாவதிக்குக் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் கொடுத்த கசப்பு மருந்துக்கும் நிற்கவில்லை. பிள்ளை கண் செருகிக் கிடந்தபோது வள்ளியம்மா முனிக்கு நேர்ந்துகொண்டாள்: பிள்ளை எழுந்தால் ஆடியில் படையல் வைக்கிறேன். பிள்ளை எழுந்துவிட்டது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முனிக்கு ரொம்ப நேரம் ஆகாது என்பது எங்கள் எல்லோருக்கும் உள்ள பயம். ஆடி பிறந்ததும் அவள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியத்திடம் போய், துரையிடம் அனுமதி வாங்கித் தரும்படி கேட்டாள். சோறும் கூடாது, கல்லும் கூடாது என்று பதில் வந்தது.

"புள்ளைய எமன்கிட்ட குடுத்துட்டு சட்டத்தக் கட்டிக்கிட்டு அழவா?" என்றாள் என்னிடம்.

தன் பங்கு அரிசியில் தினமும் ஒரு பிடி எடுத்து வைத்தாள். ஆக்கிய சோற்றை வாழை இலையில் கட்டி, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை அள்ளும் சாக்கின் அடியில் வைத்தாள். அந்தச் சாக்கின் நாற்றம் தெரிந்தவர்கள் யாரும் உள்ளே கை விடமாட்டார்கள். கேட்டில் சோதனை போட்ட பெண்ணும் மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னாள். நிரை முடிந்ததும் வள்ளியம்மா கம்பிக்குள் நுழைந்து, கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சோற்றைப் படைத்தாள். முனிக்குப் படைத்ததை லயத்துக்கு எடுத்து வரக் கூடாது. வைத்த இடத்தில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். அவளும் அப்படியே வந்தாள்.

மதியமே பட்டாளம் அந்தச் சோற்றைக் கண்டுபிடித்துவிட்டது. இலையைக் காலால் எத்திச் சிதறடித்ததைப் பால் தூக்கி வந்தவர்கள் பார்த்தார்கள். சாயங்காலம் எங்களை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்தார்கள். துரை பக்கத்தில் நிற்க, வெள்ளைக்கார ஆபீசர் பேசினார். சோறு வைத்தது யாரென்று தெரியும்வரை அரிசி கிடையாதாம். கைக்குழந்தைகள் அழ ஆரம்பித்தன. வள்ளியம்மா முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் வச்சேன். சாமிக்கு வச்சேன்."

ஆபீசர் கிராணியைப் பார்த்து, உங்கள் சாமிக்கு இப்படித்தான் வைப்பீர்களா என்று கேட்டார். சுப்பிரமணியம் யாழ்ப்பாணத்துக்காரர், நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவர், பொய் சொல்லாத மனிதர். இருந்து இருந்து அன்றைக்கா அவர் உண்மை பேச வேண்டும்? இங்கிலீஷில் சொல்லிவிட்டு, எங்களுக்கும் தமிழில் சொன்னார்.

"நாங்கள் படைச்சதை எடுத்து வந்து சாப்பிடுவம். காட்டில விட்டுட்டு வாறதில்லை."

அவர் கோயில் வழக்கம் அது. எங்கள் முனி வழக்கம் அவருக்குத் தெரியாது. அத்தனை வருஷம் எங்கள் பெயர்களை எழுதிய மனிதர், ஒரு ஆடிக்குக்கூட எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. எங்களில் நாலு பேர் கத்தினோம். யாருடைய பேச்சு ஏறும்? அவளை லோரியில் ஏற்றிவிட்டார்கள். கலாவதியை என் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சோற்றைக் காட்டிலிருப்பவர்கள் தின்றதற்குச் சாட்சி இல்லாததால், அவர்களுக்குச் சோறு கொடுத்த குற்றம் கோர்ட்டில் நிற்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஆனால் கல்லில் மஞ்சள் இருந்தது. பாதுகாக்கப்பட்ட கல்லைக் கெடுத்த குற்றம். அபராதம் கட்ட வழியில்லை, மூன்று மாதம் உள்ளே. மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகிற மஞ்சளுக்கு மூன்று மாதம்! சிறையில் போய்ப் பார்த்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"இலைய எத்திட்டானுங்கன்னு சொன்னியே, படையல் சேந்துருக்குமாடி? புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

ஆகாது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. வெளியே வந்ததும் மறுபடி படைக்கப் போவதாகச் சொன்னாள்.

அவள் வந்தபோது படைக்க இடம் இல்லை. மழையில் தோட்டத்து ரோடு சேறாகி, பட்டாள லோரிகள் புதைந்தன. கல் போட்டு ரோட்டை உயர்த்த வேண்டும் என்றார்கள். வெளியிலிருந்து கல் கொண்டுவரச் செலவாகும் என்று, துரை வட்டக்கல்லைப் பெயர்க்கச் சொல்லிவிட்டார். டிராக்டர் கட்டி இழுத்து, சம்மட்டியால் உடைத்து, ரோட்டில் பரப்பினார்கள். எங்கள் ஆண்களையே அந்த வேலைக்கு விட்டார்கள். மறுத்த இரண்டு பேருக்குப் பெயர் வெட்டு, கூலி கிடையாது. குழிகளுக்குப் பக்கத்தில் சட்டப் பலகை மட்டும் அப்படியே நின்றது.

வள்ளியம்மா குழிகளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கலாவதியைத் தூக்கிக்கொண்டு, நேராகக் கோல சிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புறப்பட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன். அங்கே தமிழ் தெரிந்த ஒரு சார்ஜன் இருந்தார்.

"ஐயா, ஒரு புகாரு எழுதணும். சட்டம் பாதுகாக்குற கல்ல எங்க தொர ஒடச்சிட்டாரு."

சார்ஜன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுக்குப் போம்மா. ஊரே பத்தி எரியுது. வெறும் கல்லு லா."

"மூணு மாசம் என்ன உள்ள வச்சீங்களே, அப்ப அது வெறும் கல்லா இல்லையே ஐயா. மஞ்ச பூசுன கைக்கு வெலங்கு போட்டீங்க. ஒடச்ச கைக்கு எப்பப் போடுவீங்க?"

அவர் பேனாவை எடுக்கவில்லை. ஊரடங்கு நேரம் நெருங்குகிறது, உடனே கிளம்பாவிட்டால் பிடித்து உள்ளே போட வேண்டியிருக்கும் என்றார்.

வள்ளியம்மா பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைமேல் நீட்டினாள்.

"போடுங்க. இந்த வாட்டி எந்தக் கல்லுக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க."