இடது பக்கத்துத் தப்புகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஏப்ரல் மாதம். மகளுக்கு ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்த சமயம். நாங்கள் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். எனக்கு வேலை இராஜபாளையத்தில், ஒரு பேண்டேஜ் கம்பெனியில். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசை மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டை, அறுந்த நூல், எண்ணெய்க் கறை எது வந்தாலும் பார்த்து நிறுத்த வேண்டும். பதினோரு வருடமாக இந்த செக்கிங் வேலைதான். தினமும் ஸ்கூட்டியில் போய் வருவேன்.

என் மகள் ஒரு கார்ட்டூன் தொடரை விடாமல் பார்ப்பாள். டீக்கடை நடத்தும் ஓர் அணில் குடும்பம், அங்கே வந்து போகும் மிருகங்கள் என்று சின்னப் பிள்ளைகளுக்கான தொடர். ஆனால் அவள் கதைக்காகப் பார்க்கவில்லை, தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தாள். கதவைத் திறக்கும்போது கரடியின் கழுத்தில் மஃப்ளர் இருக்கும், உள்ளே வந்ததும் இருக்காது. மேசையில் மூன்று கப் இருக்கும், முயல் திரும்பிப் பார்ப்பதற்குள் நான்காகிவிடும். இதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு தப்புக்கும் டி.வி. மாதிரி ஒரு சின்னக் கட்டம் போட்டு, தப்பு இருந்த இடத்தில் புள்ளி வைப்பாள். யார் முதலில் சொன்னார்களோ அவர்கள் பெயரின் முதல் எழுத்தைப் பக்கத்தில் எழுதுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் போட்டி போட்டுப் பார்ப்போம். ஆரம்பத்தில் நான்தான் ஜெயிப்பேன். துணியில் ஊசி முனை ஓட்டையைப் பிடிக்கிற கண்ணுக்குக் கரடியின் மஃப்ளர் எம்மாத்திரம் என்று பெருமை வேறு. மார்ச் மாதத்திலிருந்து என்னவோ நான் தோற்க ஆரம்பித்தேன். பிள்ளை கெட்டிக்காரியாகிவிட்டாள் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அந்த மார்ச் மாதத்தில் கம்பெனியில் ஒரு சங்கடம் நடந்தது. நான் பார்த்து அனுப்பிய துணி ஓட்டையோடு திரும்பி வந்தது. சூப்பர்வைசர் கேட்டபோது, "நான் பாத்த துணியில ஓட்டை இருக்காது. மடிக்கும்போதுதான் கிழிஞ்சிருக்கும்" என்று அடித்துச் சொன்னேன். துணி மடிக்கும் பெண்ணுக்குத்தான் திட்டு விழுந்தது. சோழபுரத்திலிருந்து வருகிற பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்று துளிகூட உறுத்தவில்லை.

அப்புறம்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கார்ட்டூன் பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே மகள் டி.வி.யை நிறுத்திவிட்டாள். முகமெல்லாம் கோபம்.

"அம்மா, நீங்க வேணும்னே விட்டுக்குடுக்கீங்க. எனக்கு இப்படி ஜெயிக்க வேண்டாம்."

"நான் ஏன்டி விட்டுக்குடுக்கேன்? நெசமாவே தெரியல."

"பொய் சொல்லாதீங்க. இங்க பாருங்க" என்று நோட்டைப் பிரித்து என் மடியில் வைத்தாள். "ரைட் சைடுல தப்பு வந்தா டக்குனு சொல்லிடுதீங்க. லெஃப்ட் சைடுன்னா ஒண்ணுகூடச் சொல்லல. ஒரு மாசமா ஒண்ணுகூட."

புரட்டிப் பார்த்தேன். என் எழுத்துப் போட்ட புள்ளி எல்லாம் கட்டத்தின் வலது பாதியில் இருந்தது. இடது பாதி முழுக்க அவள் எழுத்து. முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு எரிச்சல் வந்தது. "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று சத்தம் போட்டேன்.

வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்த என் கணவர் சத்தம் கேட்டு உள்ளே வந்தார். அவர் மினி லாரி ஓட்டுகிறவர். நோட்டை வாங்கி நின்றபடியே நாலைந்து பக்கம் பார்த்தார். அடுப்படிக்குப் போய் ஒரு கரண்டியை எடுத்து வந்தார்.

"இங்க உக்காரு. நேரா அந்தக் காலண்டரையே பாரு, முகத்தத் திருப்பாத. கரண்டி தெரிஞ்சா சொல்லு."

என் பின்னால் நின்று வலது பக்கமாகக் கரண்டியை மெல்ல முன்னால் கொண்டுவந்தார். காதைத் தாண்டியதுமே, "தெரியுது" என்றேன். பிறகு இடது பக்கம். நான் காலண்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். செத்த நேரம் ஆயிற்று.

"கொண்டாங்க, எம்புட்டு நேரம் காலண்டரையே பாக்க?" என்றேன்.

பிறகு மகளின் குரல் மட்டும் மெதுவாக வந்தது.

"அம்மா, கரண்டி உங்க முன்னாடிதான் இருக்கு."

அடுத்த கணம் அது என் மூக்குக்கு நேரே, எங்கிருந்தோ முளைத்த மாதிரி வந்து நின்றது. என் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அவர் கரண்டியைக் கீழே வைத்தார். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டிச் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். முதல் நாள்கூட அந்த வண்டியில் மகளைப் பின்னால் உட்கார வைத்து, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே இராஜபாளையம் வரை போய் வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு மாதத்தில் வீட்டு கேட்டில் இரண்டு முறை இடித்ததும் வண்டியின் இடது பக்கம்தான்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு கிண்ணம் மாதிரி மிஷினுக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்தேன். பிரிண்ட் எடுத்துக் காட்டியபோது இரண்டு கண்ணின் படத்திலும் இடது பாதி கறுப்பாக இருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, தலையை ஸ்கேன் எடுங்கள் என்று மதுரைக்கு அனுப்பினார்கள். மூளையின் பின்பக்கம், பார்வைக்கு உரிய இடத்தில், ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்திருந்தது. பிரஷர் மாத்திரையை உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நானே நிறுத்தியிருந்தேன். பிப்ரவரி கடைசியில் ஒருநாள் தலைவலி என்று காபி குடித்துவிட்டுப் படுத்தேனே, அன்றைக்கு நடந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

"எனக்கு எதுவும் கறுப்பாத் தெரியலையே டாக்டர்?"

"கறுப்பாத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்கம்மா. காணாமப் போனது காணாமப் போன மாதிரித் தெரியாது. இது சத்தமில்லாம வந்துட்டுப் போயிருக்கு. மாத்திரையை விட்டா அடுத்தது இப்படி லேசா வராது."

ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். போன முதல் நாளே, சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு அந்த சோழபுரத்துப் பெண்ணிடம் சொன்னேன். "அன்னைக்கு ஓட்டைய விட்டது நான்தான். பழிய உன் மேல போட்டுட்டேன். என்னை மன்னிச்சிரு."

அவள் வெறும் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"மோதிரம் பட்டுத்தான் கிழிஞ்சிருக்கும்னு நெனச்சு அன்னைக்கே கழத்தி வச்சுட்டேன்க்கா. எங்க அம்மா போட்டுவிட்டது" என்றாள். "நாளைக்குப் போட்டுட்டு வாரேன்." பிறகு சிரித்தாள். நான்தான் அழுதேன்.

இப்போது எனக்கு லேபிள் ஒட்டும் பிரிவில் வேலை. பஸ்ஸில் போய் வருகிறேன், மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. போன பார்வையில் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது, மீதி வராது என்று சொல்லிவிட்டார்கள். பரவாயில்லை, தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டேன். கார்ட்டூன் பார்க்கும்போது டி.வி.யின் இடது ஓரத்தையே நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தால் முழுப் படமும் தெரிகிறது. அப்படியும் பாதிக்குப் பாதி தோற்கிறேன். எட்டாம் வகுப்பு முடித்த பிறகும் மகளுக்குத் தப்புக் கண்டுபிடிக்கும் ஆசை விடவில்லை. எனக்காகத் தன் கணக்கில் ஒரு புள்ளிகூட அவள் குறைத்துப் போடுவதுமில்லை.

பாதிதான் தெரிகிறது என்பதே தெரியாமல், முழுசும் பார்த்துவிட்டதாகச் சத்தியம் பண்ணிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அதனால் இப்போதெல்லாம் "நீங்க அதைக் கவனிக்கலையே" என்று யார் சொன்னாலும், கோபம் வருவதற்குள் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிடுகிறேன்.