நாற்பத்தொரு முறை போன ஃபேக்ஸ்

மில்பிடாஸ் என்ற அமெரிக்க ஊரில் நான் ப்ரோக்ராமராக இருந்த கம்பெனியின் தொழில், கடைக்காரர்களின் விளம்பரங்களை ஆயிரக்கணக்கான ஃபேக்ஸ் மெஷின்களுக்கு அனுப்புவது. நம்பர்களை டயல் செய்யும் ப்ரோக்ராம் என்னுடையது. கேட்காதவர்களுக்கு விளம்பர ஃபேக்ஸ் அனுப்பக் கூடாது, ஒவ்வொரு தாளிலும் அனுப்புபவர் பெயரும் போன் நம்பரும் இருக்க வேண்டும் என்று அப்போதே சட்டம் வந்திருந்தது. முதலாளி கணேசன் சார், "கேஸ் போட யாருக்கும்மா டைம் இருக்கு?" என்பார். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை. என் கிரீன் கார்டு அவர் கையெழுத்தில் நின்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் அடித்தது. எடுத்து, "வசந்தி ஸ்பீக்கிங்" என்றேன்.

"பிள்ளை, நீங்கள் தமிழோ?"

யாழ்ப்பாணத் தமிழ். பக்கத்து ஊரில் கிளினிக் நடத்தும் டாக்டர் என்றார்.

"நேற்று முழுக்க உங்கட கார்ப்பெட் விளம்பரம் வந்து என்ர மெஷின்ல பேப்பர் முடிஞ்சுபோச்சு. லேப் அனுப்பின ரத்த ரிப்போர்ட் வந்து சேரேல்ல. அந்த மனுசன் இப்ப ஐ.சி.யு.வில. அனுப்ப வேண்டாம் எண்டு ரெண்டு தரம் எழுதினனான். ஒருத்தரும் வாசிக்கேல்லையோ?"

எந்த நம்பருக்கு எத்தனை முறை போனது என்று தானாகப் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தேன். போய்ச் சேர்ந்த தாளையும் சேரவில்லை என்று எண்ணி, என் ப்ரோக்ராம் அதே நம்பருக்கு நாற்பத்தொரு முறை அனுப்பியிருந்தது. பிழை நான் எழுதிய வரியில்.

கணேசன் சாரிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "அந்த லாகை டெலீட் பண்ணிடு. இனிமே தாள்ல நம்ம பேரும் நம்பரும் வரவே கூடாது."

"சார், அது சட்டப்படி தப்பு."

"உன் கிரீன் கார்டு ஃபைல் எங்கிட்டதான் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

பாத்ரூமுக்குள் போய் நின்றேன். என் விசாவை நம்பித்தான் என் கணவரும் இந்த நாட்டில் இருந்தார். அந்த ஐ.சி.யு. மனிதரின் வீட்டில் இப்போது யார் அழுதுகொண்டிருப்பார்கள் என்றும் ஓடியது. திரும்பி வந்து லாகை பிரிண்ட் எடுத்தேன். டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"தப்பு என் ப்ரோக்ராம்லதான் டாக்டர். லாக் இருக்கு. அழிக்கல."

"ஆள் தப்பிட்டார், பிள்ளை. ஆனா இதை நான் சும்மா விடமாட்டன்" என்றார்.

விடவில்லை. கோர்ட்டில் நான் கொடுத்த அந்த லாக் பிரிண்ட்தான் சாட்சி. கணேசன் சார் ஃபேக்ஸ் தொழிலை மூடினார். அதற்கு முன்பே என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். வேறு வேலை கிடைத்தது. கிரீன் கார்டுக்கு முதலிலிருந்து வரிசையில் நின்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 'வேண்டாம்' என்று எழுதுகிறவரின் கடிதம் யார் மேஜைக்குப் போகிறது என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் ஆபீஸில் அதற்கு மேஜையே கிடையாது. மூன்று வருடம் அங்கே இருந்தும் நான் கேட்கவில்லை.