கியரில் நிறுத்திய லூர்துநாதன்

கியரில் போட்டு நிறுத்தினால் வண்டி கெட்டுப்போகும் என்று யாராவது என் ஷெட்டில் வந்து சொன்னால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று ஏறும். விழுப்புரத்தில் கோலியனூர் ரோட்டில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். பெயர் கண்ணையன். என் வாய் கெட்ட வாய் என்று ஊருக்கே தெரியும். நான் சொல்லப்போவது லூர்துநாதனைப் பற்றி. அவனுக்கு வாயே கிடையாது, அதுதான் அவன் செய்த ஒரே தப்பு.

லூர்து திண்டிவனத்துக்காரன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி வைத்திருந்த சக்கரபாணியின் அம்பாசடரை ஒன்பது வருஷம் ஓட்டினான். எங்கே நிறுத்தினாலும், வண்டி உருளாமல் இருக்க, எஞ்சினை அணைத்துவிட்டுக் கியரில் போடுவான். வண்டி மேடு பார்த்து நின்றால் முதல் கியர், பள்ளம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். அப்புறம் டிக்கியிலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பான். கிளம்பும்போது லீவரை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்து, எந்தக் கியரிலும் இல்லை, நியூட்ரல்தான் என்று தெரிந்தபிறகே சாவியைத் தொடுவான். கோயிலுக்குள் நுழையும்போது சிலுவை போடுகிற மாதிரி, அவன் கை தானாகச் செய்கிற வேலை அது. ஏனென்றால் அந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் ஒயர் அறுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாற்றச் சொல்லி நானே நாலு தரம் சொன்னேன். ஓடுகிறதுக்குத்தான் வண்டி, நிற்கிறதுக்கு எதுக்குச் செலவு என்று சக்கரபாணி சிரித்தார். என்ன மனுஷனோ.

எண்பத்தைந்தில் சீனுவாசன் வந்து சேர்ந்தான். சக்கரபாணியின் மனைவி லட்சுமியம்மாளுக்குத் தம்பி, வேலைவெட்டி கிடையாது. அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, அக்கா வீட்டு வண்டியிலேயே ஓட்டப் பழகினான். ஓடுகிற வண்டியில் கிளட்சிலிருந்து காலையே எடுக்க மாட்டான். ஒரு நாள் மண்டி வாசலில் லூர்து நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி, லீவரையும் பார்க்காமல், கிளட்சையும் மிதிக்காமல் சாவியைத் திருகினான். எப்போதும் வைத்திருக்கிற காலை அன்றைக்குப் பார்த்து வைக்கவில்லை. கியரில் இருந்த வண்டி கல்லைத் தாண்டித் துள்ளி மல்லாட்டை மூட்டை அடுக்கில் முட்டியது. மூட்டை கிழிந்து தெருவெல்லாம் மல்லாட்டை.

தன் தப்பை ஒத்துக்கொள்ள அவனுக்கு என்ன கேடு? அதை விட்டுவிட்டு மாமாவிடம் கதை கட்டினான். இராத்திரியெல்லாம் வண்டி கியரிலேயே நிற்கிறதாம், மொத்தப் பாரமும் கியர் பல்லின் மேல் உட்கார்ந்து தேய்க்கிறதாம், வண்டி மேட்டில் இழுக்காமல் திணறுவதற்கு அதுதான் காரணமாம். சக்கரபாணி அப்படியே நம்பிவிட்டார். ஒரே வாரத்தில் திண்டிவனம் டாக்சி ஸ்டாண்டு முழுக்க அதே பேச்சு. ஒன்பது வருஷமாகக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தவனை, கியர்பாக்ஸைத் தின்றவன் என்றார்கள்.

லூர்து வண்டியை என் ஷெட்டுக்கு ஓட்டிவந்தான். மாமனும் மச்சானும் பின்சீட்டில் இருந்தார்கள்.

"அவுத்துப் பாருங்க மேஸ்திரி. பல்லு தேஞ்சிருந்தா சாவியக் குடுத்துட்டுப் போயிடறேன். அப்பறம் திண்டிவனத்துல எந்த ஸ்டேரிங்கும் தொடமாட்டேன்" என்றான்.

அவனுக்கு வேறு தொழில் தெரியாது, வீட்டில் மனைவி ஞானமேரியும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்களும். ஒன்பது வருஷம் ஓடின வண்டி, வேறு காரணத்தால் பல் போயிருந்தாலும் பழி இவன் தலையில்தான் விழும். கியர்பாக்ஸை இறக்கி, ஒவ்வொரு பல்லாக மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன். எல்லாம் கூர் மழுங்காமல் இருந்தது. கிளட்ச் பிளேட்டை எடுத்தால் அதுதான் ஆணி தெரிகிற வரைக்கும் தேய்ந்து கிடந்தது.

"சுத்துற பல்லுதாங்க தேயும், சும்மா நிக்கிற பல்லு எப்பிடித் தேயும்? இழுவ போனது பிளேட்டால. கிளட்சு மேலயே கால வச்சிக்கினு ஓட்டுனா பிளேட்டு இப்பிடித்தான் ஆவும்" என்று சக்கரபாணி முகத்துக்கு நேராகச் சொன்னேன். சீனுவாசன் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான்.

சக்கரபாணி பிளேட்டைக் கையில்கூட வாங்கவில்லை. "வண்டி என்னுது. இனிமே கியர்ல நிக்கக்கூடாது. நியூட்ரல்ல போட்டுக் கல்ல வச்சிக்கோ. முடியலன்னா இப்பவே சொல்லிடு லூர்து" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றான் லூர்து.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த ஸ்பேனரை வீசிவிட்டேன். ஜெயித்தவன் தலையாட்டுகிறான், தோற்றவர் உத்தரவு போடுகிறார். லூர்தைத் தனியாக இழுத்துப்போய்க் கண்டபடி ஏசினேன். சின்னவள் பத்தாவது முடிக்கட்டும் மேஸ்திரி என்று மட்டும் சொன்னான்.

அந்தக் கார்த்திகைக்குச் சக்கரபாணி வீட்டார் எல்லோரும் பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போனார்கள். முட்டிவலியால் ஏற முடியாமல் லட்சுமியம்மாள் பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். அடிவாரத்தில் லேசான சரிவு, கீழே குட்டை, மழைத் தண்ணீர் தளும்பியது. லூர்து உத்தரவுப்படி நியூட்ரலில் போட்டு, முன்சக்கரத்துக்குக் கல்லை வைத்துவிட்டு, அந்த அம்மாளுக்குச் சோடா வாங்கப் போனான். சீனுவாசனுக்குத் தேங்காய் உடைக்க ஒரு கல் வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் கல்லுக்கா பஞ்சம்? ஆனால் தட்டையாக, வாகாக இருந்தது சக்கரத்தடியில் இருந்த கல்தான். அதைக் காலால் எத்தி எடுத்துப்போய்ச் சாமி பேரைச் சொல்லித் தேங்காயை உடைத்தான்.

வண்டி மெதுவாக நகர்ந்ததாம். யாரோ தள்ளுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன் என்று அந்த அம்மாளே பிறகு என்னிடம் சொன்னார். லூர்து சோடாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். கதவைத் திறந்து நெஞ்சைச் சீட்டில் போட்டான், கால் இரண்டும் வெளியே இழுபட்டன. பிரேக்குக்குக் கை எட்டவில்லை. எட்டினது ஸ்டேரிங்குக்குக் கீழே இருக்கும் கியர் லீவர். கிளட்ச் இல்லாமல் அதை அடித்துத் தள்ளினான். பல் நறநறவென்று உடைந்து, மிச்சப் பல் கவ்வி, வண்டி குட்டைக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. கரையிலிருந்த பனைமரத்துக்கும் கதவுக்கும் நடுவில் அவன் வலது கால் மாட்டி முறிந்துபோயிருந்தது.

வண்டியை என் ஷெட்டுக்குக் கட்டி இழுத்துவந்தார்கள். முதல் கியரில் மூன்று பல் இல்லை. தேய்ந்த பல் வழவழவென்று இருக்கும். இது சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரிச் சொரசொரப்பு. குழந்தைக்குக்கூட வித்தியாசம் தெரியும். சக்கரபாணி அந்தக் கியரைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் டாக்சி ஸ்டாண்டில் காட்டினார். கியரில் போட்டுப் போட்டுத் தேய்த்த பல்லைப் பாருங்கள், நான் அப்போதே சொன்னேன் என்றாராம். மாவுக்கட்டோடு படுத்திருந்தவனுக்கு, இனிமேல் வர வேண்டாம் என்று ஆள் சொல்லியனுப்பினார். த்தூ.

ஆஸ்பத்திரிக்குப் போய் இதையெல்லாம் கொதித்துக் கொட்டினேன். லூர்து கடைசிவரை கேட்டுவிட்டு, "ஹேண்ட்பிரேக்கு ஒயரு மாத்தினாரா மேஸ்திரி?" என்றான்.

இல்லை என்றேன்.

"அப்ப புது டிரைவருகிட்ட சொல்லி வைங்க. பள்ளத்துல நிறுத்துனா ரிவர்ஸ்ல போடட்டும். அம்மா வண்டியிலயேதான் உக்காந்துக்கினு இருப்பாங்க."

அவனை என்ன செய்வது? ஷெட்டுக்கு வந்ததும் யாரையும் கேட்காமல் ஒயரை மாற்றினேன். புதுக் கியர் போட்ட வண்டியை வாசலில் ரிவர்ஸில் நிறுத்தினேன். எடுத்துப்போகச் சக்கரபாணி புது டிரைவரோடும் மனைவியோடும் வந்தார். லட்சுமியம்மாள் கதவருகே வந்து நின்றார். ஏறவில்லை.

"கியர்லதான நிக்குது கண்ணையா?"

"ஆமாங்கம்மா."

"அப்ப சரி" என்று புருஷனைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். சக்கரபாணி மறுக்கவும் இல்லை. லூர்தைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.